உதட்டுச்சாயம் ஆன கொழுப்பு: அழகு, கடை, உடல் பற்றிப் பேசும் நிறுவல் கலை

ஓர் அறையின் நடுவே பெரிய சாக்லேட் கட்டி ஒன்று. 600 பவுண்டு எடை, நம் கணக்கில் சுமார் 272 கிலோ. பக்கத்திலேயே அதே எடையில் பன்றிக் கொழுப்புக் கட்டி. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒழுங்கான கனசதுரங்கள். கிட்டே போனால்தான் விளிம்புகளில் பல் தடங்கள் தெரியும். யாரோ ஒருவர் கத்தியோ உளியோ தொடாமல், வாயாலேயே அவற்றைச் செதுக்கியிருக்கிறார். கடித்ததை விழுங்கவும் இல்லை. துப்பிய சாக்லேட்டை உருக்கி, மிட்டாய்ப் பெட்டிக்குள் இருக்குமே இதய வடிவத் தட்டு, அதைப் போல வார்த்திருக்கிறார். துப்பிய கொழுப்பில் தேன்மெழுகும் நிறமியும் சேர்த்து லிப்ஸ்டிக் செய்திருக்கிறார். அந்த லிப்ஸ்டிக்குகள் கண்ணாடி அலமாரியில், கடையில் அடுக்கியிருப்பது போலவே மினுமினுக்கின்றன.

இதைச் செய்தவர் ஜனைன் அன்டோனி. ஆண்டு 1992. படைப்பின் பெயரைத் தமிழில் 'கொறித்தல்' என்று சொல்லலாம். இன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

கேட்டவுடன் பலருக்கும் இரண்டு எதிர்வினை வரும். முதலாவது 'உவ்வே'. இரண்டாவது, 'இதெல்லாம் எப்படிக் கலையாகும்?' இரண்டுமே நியாயமானவை. சொல்லப்போனால் அந்த 'உவ்வே'யில்தான் விஷயமே இருக்கிறது. ஏனென்றால் கடையில் நாம் வாங்கும் லிப்ஸ்டிக்கும் அடிப்படையில் மெழுகு, எண்ணெய் அல்லது கொழுப்பு, நிறமி ஆகியவற்றின் கலவைதான். அங்கே வராத அருவருப்பு இங்கே ஏன் வருகிறது? நடுவில் ஒரு வாய் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அழகுப் பொருள் விற்கும் இடத்தில் உடல் எப்போதும் பளபளப்பான படமாக மட்டுமே இருக்கும்; எச்சிலும் பல்லும் பசியும் உள்ள உடல் அங்கே வராது. அன்டோனி அதைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இந்த வகைக் கலைக்குப் பழகாதவர்களுக்கு ஒரு நுழைவாசல் போட்டுக் கொடுப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

உள்ளே நடந்து போகும் கலை

ஓவியத்துக்குச் சட்டம் உண்டு. நாம் வெளியே நிற்கிறோம், படம் உள்ளே இருக்கிறது. சிற்பத்தைச் சுற்றி வரலாம். நிறுவல் கலைக்குள் நாம் நுழைந்தே ஆகவேண்டும். இன்ஸ்டலேஷன் என்று அப்படியே சொல்பவர்களும் உண்டு, நிர்மாணக் கலை என்பவர்களும் உண்டு. பெயர் எதுவானாலும் சங்கதி ஒன்றுதான்: ஒரு இடம் முழுவதையும் கலைஞர் படைப்பாக ஆக்குகிறார். சுவரின் நிறம், விளக்கு, ஒலி, வாசனை, தரை வழுக்குகிறதா என்பது, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பது எல்லாமே அதில் சேர்த்தி. நுழைந்த நொடியிலிருந்து நாமும் சேர்த்தி.

அதனால்தான் இந்தப் படைப்புகளைப் புகைப்படத்தில் பார்த்துவிட்டு 'இதில் என்ன இருக்கிறது' என்று கேட்பது, விருந்தின் மெனு அட்டையை மென்றுவிட்டு உப்பு போதவில்லை என்று சொல்வதைப் போன்றது. படத்தில் நாற்றம் வராது. நம் முதுகுக்குப் பின்னால் இருப்பதும் வராது.

இதன் வரலாறு நீளமானது. இங்கே மூன்று புள்ளிகள் போதும். 1917இல் மார்செல் துஷாம்ப் ஒரு பீங்கான் சிறுநீர்க் கோப்பையைக் கடையில் வாங்கி, 'ஆர். மட்' என்று கையெழுத்திட்டுக் கண்காட்சிக்கு அனுப்பினார். ஆலையில் செய்த பண்டமும் கலைப் பொருளாக நிற்கலாம் என்ற வாதம் அங்கிருந்து வலுப்பெற்றது. 1950களின் இறுதியில் ஆலன் கேப்ரோ, பார்வையாளர் உள்ளே புகுந்து நடமாடும் அறைகளைக் கட்டி, அவற்றைச் 'சூழல்கள்' என்று அழைத்தார். 1961இல் கிளாஸ் ஓல்டன்பர்க் நியூயார்க்கில் நிஜமாகவே ஒரு கடையை வாடகைக்குப் பிடித்தார். பிளாஸ்டரில் செய்து வண்ணம் தெறித்த உடைகளையும் தின்பண்டங்களையும் அங்கே வைத்து விற்றார். படைப்பின் பெயரும் 'கடை'தான்.

இந்த மூன்றாவது புள்ளியில் கொஞ்சம் நிற்க வேண்டும். கடை என்பதே ஓர் இன்ஸ்டலேஷன்தானே? அழகுசாதனப் பிரிவுக்குள் நுழைவதை நினைத்துப் பாருங்கள். முகத்தை மென்மையாகக் காட்டும் விளக்கு. எங்கு திரும்பினாலும் கண்ணாடி. வாசலிலேயே எதிர்கொள்ளும் வாசனைத் திரவிய நெடி. நம் முகத்தைவிடப் பத்து மடங்கு பெரிய, ஒரு துளையும் தழும்பும் இல்லாத முகம் சுவரில். நாம் கையை நீட்டும் உயரத்தில் சோதனைக்கான குப்பிகள். எதுவும் தற்செயலாக வைக்கப்பட்டதில்லை. நம் உடல் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எதைத் தொட வேண்டும், எதை நினைத்துக் கொஞ்சம் கூச வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே யோசித்து அமைத்த ஏற்பாடு அது.

அழகும் நுகர்வும் பற்றிப் பேசும் நிறுவல் கலைஞர்கள் இந்த ஏற்பாட்டை அப்படியே கடன் வாங்குகிறார்கள். கண்ணாடி, அலமாரி, பொதி, விளக்கு, வாசனை எல்லாம் அதேதான். ஏதாவது ஒன்றை மட்டும் திருகிவிடுவார்கள். அந்தத் திருகலைக் கண்டுபிடிப்பதுதான் பார்வையாளரின் வேலை. என்னைக் கேட்டால் இந்தக் கலையின் பெரும்பகுதியை இந்த ஒரு சாவியை வைத்தே திறந்துவிடலாம்.

ஒரு வீடு, பதினேழு அறைகள்

1972 ஜனவரி இறுதியில், இடிப்பதற்காகக் காத்திருந்த பழைய வீடு ஒன்று லாஸ் ஏஞ்சலிஸில் கண்காட்சியாகத் திறக்கப்பட்டது. ஜூடி சிகாகோ, மிரியம் ஷபீரோ என்ற இரண்டு கலைஞர்களும், கலிஃபோர்னியா கலைக் கழகத்தில் அவர்கள் நடத்திய பெண்ணியக் கலை வகுப்பின் மாணவிகளும் சேர்ந்து செய்தது. உடைந்த ஜன்னல்களை மாற்றியது முதல் சுவருக்குப் பூச்சு அடித்தது வரை மாணவிகளே பார்த்தார்கள். பதினேழு அறைகள் கொண்ட வீடு. பெயர் 'விமன்ஹவுஸ்'. ஒரு மாதம்தான் நடந்தது. பிறகு வீட்டை இடித்துவிட்டார்கள். படைப்பில் பெரும்பகுதியும் அதோடு போயிற்று.

அதில் ஒரு குளியலறை முழுக்க லிப்ஸ்டிக் சிவப்பு. சுவர், தொட்டி, எல்லாமே. செய்தவர் கமில் கிரே. ஒரு குப்பியில் சிறிய அளவில் கவர்ச்சியாக இருக்கும் நிறம், நான்கு சுவரிலும் ஏறி நம்மைச் சூழ்ந்துகொள்ளும்போது மூச்சு முட்டுகிறது. மேலே சொன்ன திருகல் இங்கே அளவில் நடந்திருக்கிறது.

இன்னொரு இடத்தில் துணி அடுக்கும் அலமாரி. உள்ளே ஒரு பெண் பொம்மை உடல். தட்டுகள் அந்த உடலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. ஒரு கால் மட்டும் வெளியே எட்டுவைக்கிறது. சாண்டி ஆர்கெல் செய்தது. விளக்கவுரையே தேவைப்படாத படைப்புகள் சில உண்டு. அதில் இது ஒன்று.

எனக்கு மறக்க முடியாதது 'லியாவின் அறை'. கேரன் லகாக், நான்சி யூடல்மேன் என்ற இருவர் அமைத்தது. பட்டும் சரிகையுமாக அலங்கரித்த படுக்கையறையில், ஒப்பனை மேசையின் முன் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். பொம்மையல்ல, உயிருள்ள பெண். கண்ணாடியைப் பார்த்து முகத்துக்குப் பூசுகிறார். பார்க்கிறார். திருப்தியில்லை. துடைக்கிறார். மறுபடி பூசுகிறார். நீங்கள் வந்தபோதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார், நீங்கள் போன பிறகும் அதையேதான் செய்வார். கதையில் அடுத்தது என்ன என்று காத்திருந்தால் அடுத்தது வராது. ஒப்பனை முடிவதே இல்லை என்பதை ஒரு வாக்கியமாகச் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு நகர்ந்திருப்போம். அறையில் நின்று பார்க்கும்போது, எப்போது கிளம்புவது என்றே தெரியாமல் தவிக்கிறோம். அந்தத் தவிப்புதான் படைப்பு.

சரி, அழகு என்றாலே கண்ணாடிதானே. கண்ணாடியை வைத்து விளையாடியவர்களில் யாயோய் குசாமாவை விட முடியாது. 1966இல் வெனிஸ் பினாலே கண்காட்சியின்போது, வெளியே புல்தரையில் 1,500 கண்ணாடிப் பளபளப்புப் பந்துகளைப் பரப்பினார். எந்தப் பந்தைப் பார்த்தாலும் நம் முகம், வளைந்து, குட்டியாக. 'உங்கள் தன்மோகம் விற்பனைக்கு' என்று பலகை வேறு. ஒரு பந்து 1,200 லிரா, அன்றைக்குச் சுமார் இரண்டு டாலர். குசாமா தானே நின்று விற்றார். கண்காட்சிக்காரர்கள் விற்பனையைத் தடுத்து நிறுத்தினார்கள். கலைக் கண்காட்சி என்பதும் ஒரு சந்தைதான் என்பதை அவ்வளவு வெளிப்படையாகச் சொன்னது அவர்களுக்குப் பிடிக்காமல் போனதில் வியப்பில்லை.

குசாமாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்ப வருவார்.

சதை, மீன், சோப்பு

நிறுவல் கலையில் பொருள்தான் பாதிப் பேச்சு. எண்ணெய் வண்ணத்தில் இறைச்சியை வரைவது ஒன்று, இறைச்சியையே கொண்டுவந்து வைப்பது வேறு. 1987இல் யானா ஸ்டெர்பாக் சுமார் 50 பவுண்டு மாட்டிறைச்சித் துண்டுகளை உப்பிட்டுத் தைத்து ஓர் ஆடை செய்தார். துணிக்கடையில் ஆடையைக் காட்சிக்கு வைப்பது போலவே வைத்தார். கூடவே, ஒரு பெண் அதை அணிந்து நிற்கும் புகைப்படம். முதல் நாள் ஈரச் சிவப்பாக இருக்கும் ஆடை, நாட்கள் போகப் போக வற்றிக் கறுத்துச் சுருங்குகிறது. ஒவ்வொரு கண்காட்சிக்கும் புது இறைச்சியில் மறுபடி தைக்க வேண்டும்.

அதன் தலைப்பு 'வானிட்டாஸ்' என்று தொடங்குகிறது. பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியத்தில் அது ஒரு தனி வகை: மேசைமேல் பழம், பூ, நகை, பக்கத்தில் ஒரு மண்டையோடு. காயமே இது பொய்யடா என்று நம் பக்கம் பாடியதை அவர்கள் எண்ணெய் வண்ணத்தில் எழுதி வைத்தார்கள். தலைப்பின் மீதிப் பகுதி, உடல் இளைக்க வேண்டும் என்று பட்டினி கிடக்கும் அனோரெக்ஸியா நோயைச் சுட்டுகிறது. சதையை வெறுப்பவருக்குச் சதையாலேயே ஆடை. 1991இல் கனடாவின் தேசியக் காட்சிக்கூடத்தில் இதை வைத்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. பொருளாதாரம் மந்தமாக இருக்கும் நேரத்தில் உணவை இப்படி வீணாக்கலாமா என்று கேட்டார்கள். கேள்வி தவறில்லை. ஆனால் ஒரு பருவத்தில் போட்டுவிட்டுத் தூக்கி எறியும் உடைகளைப் பார்த்து அதே கேள்வியை யாரும் அவ்வளவு கோபமாகக் கேட்பதில்லை என்பதும் உண்மை.

தென்கொரியாவின் லீ புல் இன்னும் ஒரு படி போனார். புது மீன்களை எடுத்து, ஜிகினாவும் மணியும் தைத்து, மணப்பெண்ணைப் போல அலங்கரித்துக் காட்சிக்கு வைத்தார். நாள் ஆக ஆக மீன் அழுகும். ஜிகினா அப்படியே மின்னும். 1997இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நாற்றம் தாங்காமல் படைப்பையே எடுத்துவிட்டார்கள். 2018இல் லண்டனின் ஹேவர்ட் காட்சிக்கூடத்தில், நாற்றத்தைக் கட்டுப்படுத்தச் சேர்த்திருந்த பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் திறப்புக்குச் சற்று முன் சின்னதாகத் தீயே பிடித்துவிட்டது. அலங்காரத்துக்கும் அழுகலுக்கும் நடுவில் நடக்கும் சண்டையை இவ்வளவு நேரடியாகக் காட்டிய படைப்பு வேறு இருக்குமா என்று தெரியவில்லை. ஓவியத்தின் மண்டையோட்டைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போகலாம். மீனிடமிருந்து அப்படித் தப்ப முடியாது.

அன்டோனியிடம் திரும்பினால், 1993இல் அவர் தன் மார்பளவு உருவத்தை வார்ப்பெடுத்து ஏழு சிலைகளைச் சாக்லேட்டிலும் ஏழு சிலைகளைச் சோப்பிலும் செய்தார். பிறகு சாக்லேட் முகங்களை நக்கித் தேய்த்தார். சோப்பு முகங்களைக் குளியல் தொட்டியில் தன்னோடு வைத்துக் கழுவிக் கழுவிக் கரைத்தார். மூக்கு மழுங்கி, கண் மறைந்து, யார் முகம் என்றே தெரியாத நிலை. முகத்தைப் பராமரிப்பதும் முகத்தை அழிப்பதும் ஒரே கையசைவில் நடக்கின்றன. அதே காலத்தில் அவர் தலைமுடியைச் சாயத்தில் தோய்த்துக் காட்சிக்கூடத்தின் தரையை மெழுகவும் செய்தார். அவர் மண்டியிட்டு மெழுகிக்கொண்டே முன்னேற, பார்வையாளர்கள் பின்வாங்கிப் பின்வாங்கி வாசலுக்கே வந்துவிட்டார்கள். அழகுசாதனம், வீட்டு வேலை, ஓவியரின் தூரிகை வீச்சு மூன்றும் ஒரே தலைமுடியில் முடிந்திருந்தன.

உடலையே பொருளாக ஆக்கியவர்களில் ஃபிரான்சின் ஓர்லான் தனி ரகம். 1990 முதல் 1993 வரை ஒன்பது அறுவை சிகிச்சைகளை நிகழ்வுகளாகவே நடத்தினார். அதில் ஒன்று செயற்கைக்கோள் வழியாகக் காட்சிக்கூடங்களுக்கு நேரலையில் போனது. அழகின் இலக்கணமாகப் போற்றப்படும் பழைய ஓவியங்களிலிருந்து ஆளுக்கொரு அங்கமாக, ஒருத்தியின் நெற்றி, இன்னொருத்தியின் முகவாய் என்று, தன் முகத்துக்குக் கடன் கேட்டார். இதை முழுசாக நிறுவல் கலை என்று சொல்ல முடியாது; நிகழ்த்துக் கலை. எல்லைகள் இப்படிக் கலங்கித்தான் இருக்கும். எந்தப் பெட்டியில் போடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

'தோல் நிறம்' என்ன நிறம்?

2015 வெனிஸ் பினாலேயில் சுவிட்சர்லாந்து அரங்கை பமேலா ரோசன்கிரான்ஸ் ஒரு குளமாக மாற்றினார். உள்ளே நிறைந்திருந்தது இளஞ்சிவப்புத் திரவம். ஐரோப்பியத் தோலின் 'சராசரி' நிறம் என்று விளம்பரத் துறை வைத்துக்கொண்டிருக்கும் நிறம் அது. கூடவே வாசனை, ஒலி. பெயர் 'எங்கள் தயாரிப்பு'. அதற்கு முன்பே, தண்ணீர் பாட்டில்களுக்குள் தோல் நிறச் சிலிக்கானை நிரப்பி வைத்தவர் அவர். சுத்தம், இயற்கை, ஆரோக்கியம் என்று விளம்பரம் சொல்லும் தண்ணீரின் இடத்தில் சதை போன்ற ஒன்று நிற்கிறது.

முகம் இல்லை, உருவம் இல்லை, வெறும் நிறம். ஆனால் அந்தக் குளத்தின் முன் நிற்பவர் தன் கையைப் பார்க்காமல் இருக்க முடியுமா? சிலருக்கு அது தன் நிறம்; பெரும்பாலானோருக்கு இல்லை. கிரேயோலா நிறுவனத்தின் கிரேயான் பெட்டியில் வெளிர் இளஞ்சிவப்புக் குச்சி ஒன்றுக்கு 'சதை நிறம்' என்றே பெயர் இருந்தது. 1962இல்தான் அதைப் 'பீச்' என்று மாற்றினார்கள். பெயர் மாறியது சரி. அந்தச் 'சராசரி' மட்டும் கடை விளக்கிலும் ஒளிப்படத் திருத்தத்திலும் ஃபவுண்டேஷன் குப்பிகளின் வரிசையிலும் நெடுநாள் உட்கார்ந்திருந்தது.

எலன் கல்லகர் இதே புண்ணை வேறு கையால் தொட்டார். 2004-05இல் அவர் செய்த 'டீலக்ஸ்' படைப்பில் 60 அச்சுத் தாள்கள் சுவர் முழுக்க வரிசையாக நிற்கின்றன. மூலம், கறுப்பின அமெரிக்க வாசகர்களுக்காக வந்த பழைய பத்திரிகைகளின் விளம்பரங்கள்: சவுரி, முடியை நேராக்கும் களிம்பு, தோலை வெளுக்க வைக்கும் கிரீம். அந்தப் பெண்களின் தலையில் மஞ்சள் பிளாஸ்டிசின் களிமண்ணால் விசித்திரமான கொண்டைகளை ஒட்டினார். பல முகங்களில் கண்களை வெட்டி வெளுப்பாக்கினார். கோபம் இருக்கிறது, ஆனால் வேடிக்கையும் இருக்கிறது. சில கொண்டைகளைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். சிரித்த பிறகு எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

உள்ளே ஒன்றும் இல்லை

2007இல் சீனக் கலைஞர் ஷூ ஜென் ஒரு சிறிய சூப்பர்மார்க்கெட்டை அப்படியே அமைத்தார். பெட்டிகள், புட்டிகள், பொட்டலங்கள், கல்லாப்பெட்டி, எல்லாம் கச்சிதம். எடுத்தால் லேசாக இருக்கும். உள்ளே இருந்த சரக்கு முழுவதையும் வெளியேற்றிவிட்டுப் பொதியை மட்டும் அடுக்கியிருந்தார். வழக்கமான விலைக்கே விற்றார். வாங்கவும் செய்தார்கள்! அழகுத் தொழிலைப் பற்றி அந்தப் படைப்பு நேரடியாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் தோலைப் பொதியாகவும் உடலைச் சரக்காகவும் பார்க்கப் பழகிய ஒருவர் அந்தக் கடையில் நின்றால் என்ன நினைப்பார் என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஜெனீவாவைச் சேர்ந்த சில்வி ஃப்ளூரி 1990களின் தொடக்கத்திலேயே விலையுயர்ந்த பிராண்டுகளின் ஷாப்பிங் பைகளைக் காட்சிக்கூடத் தரையில் அப்படியே வைத்தார். வாங்கி வந்து, பிரிக்காமல், கீழே போட்டது போல. நசுக்கிய கார்களுக்கு நகப்பூச்சு நிறத்தில் பெயின்ட் அடித்தார். இவர் திட்டுகிறாரா, ரசிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முயன்றால் தோல்விதான் மிஞ்சும். அதுவே இவருடைய பலம் என்பேன். பிரித்துவிட்ட பை சலித்துவிடும். பிரிக்காத பைக்குள்தான் ஆசை உயிரோடு இருக்கிறது.

நேர்மாறான திசையில் போனவர் மைக்கேல் லாண்டி. 2001 பிப்ரவரியில் லண்டனின் கடைத்தெருவான ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில், மூடப்பட்ட துணிக்கடை ஒன்றில், தனக்குச் சொந்தமான 7,227 பொருட்களையும் பட்டியலிட்டு, கன்வேயர் பெல்ட்டில் ஏற்றி, இரண்டு வாரத்தில் நொறுக்கித் தூளாக்கினார். கார், பாஸ்போர்ட், உடை, கடிதம், நண்பர்கள் பரிசளித்த கலைப் படைப்புகள், எதுவும் மிஞ்சவில்லை. கடைசியில் மிஞ்சியது வேலை உடுப்போடு நின்ற அவருடைய உடல் மட்டும்.

விற்பவர் பக்கமா, கேட்பவர் பக்கமா?

இந்த இடத்தில் கூர்மையான வாசகர் ஒருவர் கையைத் தூக்குவார்: 'எல்லாம் சரி, இந்தக் கலையும் விற்பனைக்குத்தானே இருக்கிறது?'

ஆமாம். மழுப்பிப் பயனில்லை. 2007இல் லாஸ் ஏஞ்சலிஸ் சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் தகாஷி முராகாமியின் கண்காட்சி நடந்தபோது, கண்காட்சிக்கு நடுவிலேயே, விலையுயர்ந்த கைப்பைகளுக்குப் பேர்போன லூயி வித்தான் பிராண்டின் கடை ஒன்று இயங்கியது. அவர் வடிவமைத்த பைகளை நிஜமாகவே விற்றார்கள். அதைக் கடை என்பதா, கடையைப் பற்றிய கலை என்பதா?

அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் எல்ம்கிரீன், டிராக்செட் என்ற இரட்டையர் டெக்சஸ் பாலைவனச் சாலையோரத்தில் 'பிராடா மார்ஃபா' என்ற கடையைக் கட்டினார்கள். அதில் இருந்த செருப்புகளும் பைகளும், விலையுயர்ந்த ஃபேஷன் பிராண்டான பிராடா நிறுவனம் தந்தவையே. கதவு திறக்காது; யாரும் எதையும் வாங்க முடியாது. செருப்புகள் எல்லாம் வலது காலுக்கானவை. ஆனாலும் திறந்த சில நாட்களிலேயே உடைத்துத் திருடிவிட்டார்கள். ஒற்றைச் செருப்புக்குக்கூட ஆசையை அடக்க முடியவில்லை என்றால், படைப்பு தன் வேலையைத் திறமையாகவே செய்திருக்கிறது.

இப்போது குசாமா. தன்மோகத்தை 1,200 லிராவுக்கு விற்று விரட்டப்பட்ட அதே குசாமா, 2012இலும் 2023இலும் லூயி வித்தானோடு கைகோத்தார். அவருடைய புள்ளிகள் பைகளில் ஏறின. அவருடைய கண்ணாடி அறைகள் இன்று உலகில் அதிகம் செல்ஃபி எடுக்கப்படும் கலைப் படைப்புகளுள் சேர்ந்துவிட்டன. 2017இல் வாஷிங்டனின் ஹிர்ஷார்ன் அருங்காட்சியகத்தில் மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கு உள்ளே கிடைத்தது அரை நிமிடம். பார்வையாளர் ஒருவரால் ஒளிரும் பூசணி ஒன்று சேதமாகி, அந்த அறையைச் சில நாள் மூட வேண்டியதாயிற்று.

சிலர் இதைப் பார்த்துக் கலை தோற்றுவிட்டது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1966இல் புல்தரையில் ஒருவர் குனிந்து பந்தில் தன் முகத்தைப் பார்த்தார். இன்று கைபேசியில் பார்க்கிறார். படைப்பு சொன்னது நடந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இந்தக் கலையைக் கடைக்கு வெளியே நின்று கல்லெறிவதாகப் பார்த்தால்தான் ஏமாற்றம். கடைக்குள்ளேயே நின்று, நாம் நிற்பதை நமக்குக் காட்டுவதாகப் பார்த்தால் குழப்பம் குறையும். ஆனால் ஒவ்வொரு படைப்பிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பிராண்டோடு கூட்டுச் சேரும் எல்லாப் படைப்பிலும் திருகல் இருப்பதில்லை. பலவற்றில் வெறும் ஜன்னல் அலங்காரம்தான் இருக்கிறது, அதைக் கலை என்று புகழ வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

அறையே தேவையில்லை என்று காட்டியவரும் உண்டு. 2014இல் அமாலியா உல்மன் பல மாதம் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில், அழகாக வேண்டும் என்று தவிக்கும் ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் படம் படமாகப் போட்டார். கண்டிப்பான உணவு, உடற்பயிற்சி, மார்பக அறுவை சிகிச்சை. பின்தொடர்ந்தவர்கள் நம்பினார்கள். முடிந்த பிறகுதான் எல்லாமே எழுதி நடித்தது என்று சொன்னார்.

இனி இப்படி ஒரு படைப்புக்குள் போக வாய்த்தால் என்ன செய்வது? சுவரில் ஒட்டியிருக்கும் விளக்கத்தை முதலில் படிக்காதீர்கள். முதலில் மூக்கைக் கேளுங்கள், பிறகு தோலை. குளிர்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா, தொட வேண்டும் என்று கை பரபரக்கிறதா, சீக்கிரம் வெளியேறத் தோன்றுகிறதா? இதைப் போன்ற அமைப்பை வேறு எங்கே பார்த்தோம், கடையிலா, சலூனிலா, மருத்துவமனையிலா? எது மாறியிருக்கிறது? பொருளா, அளவா, காலமா? அதன் பிறகு விளக்கத்தைப் படியுங்கள். சில சமயம் விளக்கம் படைப்பைவிட மோசமாக இருக்கும். அப்போது உங்கள் மூக்கையே நம்பலாம்.

தோற்றமே இல்லாத உடலையும் இந்தக் கலை காட்டியிருக்கிறது. 1994இல் மோனா ஹாட்டூம் ஓர் உருளை வடிவ அறையைக் கட்டினார். நுழைந்தால் காலடியில், தரையில், வட்டமாக ஒரு காணொளி. எண்டோஸ்கோப்பிக் கேமரா அவருடைய உடலின் மேற்பரப்பில் ஊர்ந்து, துவாரங்கள் வழியாக உள்ளே புகுந்து, ஈரமான செந்நிறச் சுரங்கங்களில் போய்க்கொண்டே இருக்கிறது. சுற்றிலும் இதயத் துடிப்பும் மூச்சும் கேட்கின்றன. அதைப் பார்த்து யாராலும் அழகானவள், அழகில்லாதவள் என்று சொல்ல முடியாது. எந்தக் களிம்பும் அதுவரை போவதில்லை.

ஃபெலிக்ஸ் கொன்சாலெஸ்-டோரஸ் 1991இல் செய்த படைப்பில் அந்த உள்ளுறுப்புகூட இல்லை. அறை மூலையில் பளபளப்புத் தாளில் சுற்றிய மிட்டாய்களின் குவியல். வெறும் மிட்டாய்தான், கடையில் கிடைப்பதுதான். எடை 175 பவுண்டு, சுமார் 79 கிலோ. எய்ட்ஸ் தொடர்பான நோயில் அதே ஆண்டு இறந்த அவருடைய துணைவர் ராஸின் உருவப்படம் அது. அந்த எடையை, ஆரோக்கியமான நாட்களில் அவருடைய உடல் எடை என்று பலரும் கொள்கிறார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு மிட்டாய் எடுத்துக்கொள்ளலாம். எடுக்க எடுக்கக் குவியல் மெலியும், நோய் உடலை மெலிய வைத்தது போல. அருங்காட்சியகம் விரும்பினால் மறுபடி நிரப்பலாம்.

கூசாமல் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறோம். இனிக்கிறது. தாளை எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறோம்.